எந்த 'அ'வை எடுப்பது?

கடலை மிட்டாய்க் கடையின் பழைய தகரப் போர்டில் 'கடலை' என்ற சொல்லின் கடைசி எழுத்தில் ஒரு யானை தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். 1978இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த எழுத்துச் சீர்திருத்த ஆணை அந்தத் தும்பிக்கையை எடுத்துவிட்டது. மற்ற எழுத்துகளுக்குப் போடுகிற சங்கிலிக் கொம்பையே லை, ளை, ணை, னைக்கும் போடச் சொன்னது. சுழித்து உள்ளே மடங்கிய பழைய றா, னா, ணா போன்றவையும் அதோடு போயின. மொத்தம் 13 எழுத்துகள். பெரியார் 1935இலேயே 'குடி அரசு' இதழில் செய்து காட்டிய மாற்றம்தான் அது. அச்சுக் கோப்பவருக்குக் கட்டை மிச்சம், தட்டச்சு இயந்திரத்துக்குச் சாவி மிச்சம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அழுகை மிச்சம். அதை எதிர்த்துச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் ஊரில் போர்டு எழுதியவர்கள் அரசாணை படிக்கிற ஆட்கள் அல்ல. 80களின் கடைசி வரைக்கும் ஒரே தெருவில், சில சமயம் ஒரே போர்டில், புது லையும் பழைய லையும் சண்டையில்லாமல் இருந்தன. அகலம் போதாவிட்டால் தும்பிக்கை. உயரம் போதாவிட்டால் கொம்பு. டிசைன் பற்றி நான் கேட்ட முதல் பாடம் அதுதான். அப்போது அது பாடம் என்று எனக்குத் தெரியாது.

இப்போது சென்னையில் உட்கார்ந்து பொட்டலங்களுக்கும் புத்தகங்களுக்கும் அட்டை வடிவமைக்கிறேன். வேலை பழக வருகிற பிள்ளைகள் வந்த வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்பார்கள். "சார், இன்ஸ்பிரேஷன் எங்கேருந்து எடுக்கிறீங்க?" ஏதாவது இணையதளத்தின் பெயரைச் சொல்வேன் என்று கையில் போனோடு காத்திருப்பார்கள். உண்மையான பதிலைச் சொன்னால் ஒரு தெருவின் பெயரைத்தான் சொல்ல வேண்டும். கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் நடுவில், கரிசல் காட்டுக்குள், ஒரு சிற்றூரின் பஸ் ஸ்டாண்டிலிருந்து அம்மன் கோயில் வரைக்கும் போகிற தெரு. தெரு இன்னும் இருக்கிறது. அதில் பார்க்க இருந்தது இல்லை.

ஊரில் ஆர்ட்டிஸ்ட் அண்ணாச்சி என்றால் அவர் ஒருவர்தான். கடை என்று தனியாக ஒன்றும் கிடையாது. சைக்கிள் கடைக்கும் மாவு மில்லுக்கும் இடையிலிருந்த சந்தில் தகரங்களைச் சாய்த்து வைத்திருப்பார். மில்லிலிருந்து மாவு பறந்து வந்து ஈர எனாமலில் ஒட்டும் என்பதால் அவருடைய முக்கியமான வேலையெல்லாம் மில் நின்ற பிறகுதான் நடக்கும். எங்களுக்கும் அப்போதுதான் பள்ளிக்கூடம் விட்டிருக்கும்.

தகரத்துக்கு முதலில் ரெட் ஆக்சைடு. அது காய்ந்ததும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பார். பிறகு வெள்ளை எனாமல் ஒரு கை, மறுபடி தேய்ப்பு, மறுபடி ஒரு கை. இதெல்லாம் வேலையே இல்லை என்பதுபோல் எங்களை விட்டுத் தேய்க்கச் சொல்வார். வேலை தொடங்குவது நூல் போடும்போது. நீலப் பொடியில் தோய்த்த நூலின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள வேண்டும்; அவர் மறுமுனையைப் பிடித்து, நடுவில் சுண்டிவிடுவார். வெள்ளைத் தகரத்தில் முடி கனத்தில் ஒரு நீலக்கோடு விழும். எழுத்தின் தலைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. கொக்கிக்கும் புள்ளிக்கும் மேலே ஓர் இடம், சுழிக்கும் வாலுக்கும் கீழே ஓர் இடம் விட்டு இன்னும் இரண்டு. அப்புறம் சாக்பீஸால் எழுத்தின் எலும்பை மட்டும் வரைவார். அளவுகோல் எடுத்து நான் பார்த்ததில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பார். அப்படிப் பார்த்தால் எழுத்து மறைந்து இடைவெளி மட்டும் தெரியும் என்பார்.

'இங்கு சைக்கிள் வாடகைக்கு விடப்படும்.' இந்த ஒரு வாசகத்தை அவர் இரண்டு வரியில் எழுதியதைப் பார்த்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. தமிழில் எழுதுகிறவனுக்கு இரண்டு வரி என்பதே தலைவலி. மேல் வரியின் 'கு' கீழே இறங்கும், கீழ் வரியின் 'வி' கொக்கியை மேலே தூக்கும், இரண்டும் இடித்துக்கொள்ளும். வரிகளைத் தள்ளிப் போட்டால் போர்டு தொளதொளவென்று ஆகிவிடும். அண்ணாச்சி மேல் வரியை ஒரு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தினார். 'கு'வின் வயிறு 'ட'வின் மொட்டைத் தலைக்கு மேலே வந்து உட்கார்ந்தது. 'வி'யின் கொக்கியை வெளியே விடாமல் உள்பக்கமாகச் சுருட்டினார். 'சைக்கிள்' என்பதில் இரண்டு புள்ளிகளும் இரண்டு சக்கரங்களாயின. அவற்றுக்கு மட்டும் சிவப்பு. எதிர்ச் சாரிக்குப் போய், டீக்கடை பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். "கிட்ட நின்னு எழுதுறோம். படிக்கிறவன் அங்கன நின்னுல்லா படிப்பான்" என்று திரும்பி வந்து, 'டு'வைக் கொஞ்சம் தடித்தார்.

கூலி எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒற்றெழுத்துக்கும் முழுக் காசு வாங்குவார். மெய்யெழுத்து பாதி எழுத்துதானே என்று இலக்கணம் பேசிய வாத்தியார் ஒருவரிடம், "புள்ளி வைக்காம விட்டுருதேன், பாதிக் காசு குடுங்க" என்றார். போர்டின் வலது ஓரக் கீழ் மூலையில், பொடி எழுத்தில், தன் பெயரை எழுதி அதற்கு 'ஆர்ட்ஸ்' என்று ஒரு வாலையும் சேர்ப்பார். அதற்கு மட்டும் காசு கிடையாது.

ஒரே ஆளின் கைதான். ஆனால் அரிசி மண்டிக்கு எழுதிய எழுத்து அரிசி மூட்டை கனத்துக்கு இருக்கும். தையல் கடைக்கு எழுதியது ஒரே நூலை எடுக்காமல் ஓட்டியது மாதிரி சேர்ந்து ஓடும். ஐஸ் கம்பெனி வண்டியில் எழுத்தின் தலையில் பனி உறைந்திருக்கும். ஐஸ் வண்டிப் பனி எல்லா ஊரிலும் உண்டு, அதில் புதுமை இல்லை. தையல் கடை எழுத்துதான் அவருடைய சொந்தச் சரக்கு. அதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வாரப் பத்திரிகைகள் எங்கள் வீட்டுக்கு வராது. சலூனுக்கு வரும், கிளை நூலகத்துக்கு வரும். முடி வெட்ட வேண்டிய அவசியமே இல்லாத நாட்களில் நான் சலூனில் உட்கார்ந்திருந்தது கதை படிக்க அல்ல, கதைகளின் தலைப்பைப் பார்க்க. ஈயத்தில் வார்த்த தமிழ் எழுத்துகளில் பெரிய அளவு கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் வகை இரண்டு மூன்றுக்கு மேல் இருக்காது. அதனால் கதைத் தலைப்பை ஓவியரே கையால் எழுதுவார். படமும் தலைப்பும் ஒரே தாளில், ஒரே மையில், ஒரே பிளாக்காகப் போகும். பேய்க் கதையென்றால் எழுத்து நடுங்கும். காதல் கதையென்றால் கதாநாயகியின் தலைமுடி வழிந்து வந்து 'ழ'வின் வாலாகும். மலிவான உத்திகள்தான் பல. ஆனால் தலைப்பு எழுதியவர் கதையைப் படித்திருக்கிறார் என்பது எழுத்திலேயே தெரியும். நான் இன்று அட்டை போடுகிற புத்தகங்களில் பாதியை எனக்கு முழுதாக அனுப்புவதில்லை. சுருக்கம் வரும், சில சமயம் அதுவும் வராது.

தெருக்கோடியில் இருந்த அத்தை வீட்டில் வேறு ஒரு பொக்கிஷம் இருந்தது. பத்திரிகையில் வந்த தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, காலிகோ முதுகு வைத்து பைண்டு செய்த தொகுப்புகள். அந்தக் காலத்தில் பாதித் தமிழ்நாடு அப்படித்தான் நாவல் படித்தது. கல்கியில் 1950இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' மணியத்தின் படங்களோடு. விகடனில் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' கோபுலுவின் படங்களோடு. மணியம் வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் கொடுத்த முகங்களிலிருந்து இன்றுவரை யாராலும் தப்ப முடியவில்லை. நகையும் கொண்டையும் தூணும் அவர் கண்ணால் பார்த்த சிலைகளிலிருந்து வந்தவை என்பதால் அந்தப் பக்கங்களில் கல்லின் வாசனை அடிக்கும்.

என் மனம் கோபுலு பக்கம்தான் சாய்ந்தது. தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்து, விகடனில் ஓவியர் மாலியிடம் தொழில் பழகியவர். கச்சேரிக் கூட்டத்தை வரைந்தால் முன்வரிசைப் பெரிய மனிதரின் அங்கவஸ்திரத்துக்கு எவ்வளவு கவனம் கொடுப்பாரோ, அவ்வளவையும் பின்னால் தூங்கி விழுகிற ஆளுக்கும் கொடுப்பார். கோடு எங்கேயும் திணறாது. தவில்காரரின் தோள் ஒரே இழுப்பில் வந்திருக்கும். எங்கே பிரஷை அழுத்தினார், எங்கே தூக்கினார் என்பதை விரலால் தடவிப் படித்துவிடலாம். சாதா நோட்டில் அந்தத் தோளை எத்தனையோ மாலை போட்டுப் பார்த்தேன். அவர் பிறகு விளம்பரத் துறைக்குப் போனவர் என்பதைச் சென்னைக்கு வந்த பின்தான் அறிந்தேன். கோபுலுவே சோப்புக்கும் வரைந்திருப்பார் என்றால் நான் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அன்று தோன்றியது.

எல்லோரிடமும் ஒவ்வொன்று எடுத்துக்கொண்டேன். சுஜாதாவின் கணேஷையும் வசந்தையும் வரைந்த ஜெயராஜிடம் உடுப்பு மடிப்பு, நிற்கிற தோரணை. சினிமா பேனர் வரையும் இடத்திலிருந்து பத்திரிகைக்கு வந்த மாருதியிடம் முகத்தில் விழுகிற வெளிச்சம். அம்புலிமாமாவில் வேதாளத்தைத் தோளில் போட்டு, வாளோடு நடக்கிற விக்கிரமனை மாதாமாதம் வரைந்த சங்கரிடம், ஒரே காட்சியை அலுக்காமல் திரும்ப வரைவது. அதுதான் கடினமானது, இன்னும் எனக்கு வரவில்லை. அந்தக் காலத்துப் படங்கள் எல்லாம் தங்கம் என்று சொல்ல மாட்டேன். கதைக்குச் சம்பந்தமில்லாமல் பெண்ணின் முந்தானையை நழுவவிட்ட படங்கள் வாரத்துக்குப் பத்து வரும். சலூன் பெஞ்சில் அவற்றுக்குத்தான் கூட்டம்.

பிறகு ஆதிமூலம் வந்தார். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது கூடவே வந்த படங்கள். கோபுலு கோட்டை இழுத்தார் என்றால் இவர் கோட்டைக் கிறுக்கினார். கறுப்பு மையில் தாறுமாறாக ஓடுகிற கீற்றுகளுக்கு நடுவில் எங்கள் ஊர்ச் சம்சாரி தலைத்துண்டோடு உட்கார்ந்திருந்தார். ஆர்ட்டிஸ்ட் அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "இந்தாளு ரப்பர் வச்சே அழிக்க மாட்டார் போலயே" என்றார். அது பாராட்டா குறையா என்று அப்போது விளங்கவில்லை. ஆதிமூலம் திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் பிறந்தவர், சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர், காந்தியை நூறு விதமாக வரைந்தவர். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்று என்னைப் பிடித்துக்கொண்டவை அவர் எழுதிய எழுத்துகள். சிறுபத்திரிகைகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் அவர் எழுதிய தலைப்புகளில் அழகு காட்டுகிற முயற்சியே இருக்காது. கோணலாக, கனமாக, பனைமட்டையால் எழுதிய மாதிரி நிற்கும். தமிழ் எழுத்துக்கு வளைவும் நெளிவும்தான் லட்சணம் என்று நினைத்திருந்த எனக்கு, அதற்கு எலும்பும் உண்டு என்று காட்டியவர் அவர்.

இவ்வளவும் யாரோ காசு கொடுத்து வாங்கிய விஷயங்கள். காசில்லாமல் வந்தது சிவகாசிக் காகிதம்.

1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய கதை எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும் என்று தொடங்கித்தான் சிவகாசி அச்சு ஊர் ஆனது. ஆஃப்செட் இயந்திரத்தில் ஒரு புது வேலையை ஏற்றும்போது, மை சரியாக வருகிறதா, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காருகிறதா என்று பார்க்க முதல் சில நூறு தாள்களை வீணாக ஓட்டுவார்கள். அதற்கு நல்ல தாளைப் போட யாருக்கு மனம் வரும்? ஏற்கெனவே வீணான தாளையே திரும்பத் திரும்பப் போடுவார்கள். போன வாரக் காலண்டர் மேல் இந்த வாரப் பட்டாசுப் பெட்டி, அதன் மேல் அடுத்த வார நோட்டு அட்டை. கடைசியில் அந்தத் தாள் கிலோக் கணக்கில் வெளியே வரும். கருவாடு மடிக்க, புரோட்டாக் கடை மேசையில் விரிக்க, எங்கள் பாடப் புத்தகங்களுக்கு அட்டை போட.

என் சமூக அறிவியல் புத்தகத்தின் மேலட்டையில் முருகனின் நெற்றிக்குக் குறுக்கே ஒரு பிஸ்கட் பாக்கெட்டின் விலை ஓடியது. லட்சுமியின் தாமரைக்குள்ளிருந்து ஒரு கழுகு வெளியே பறந்தது. அதன் இறக்கையில் யாரோ ஒரு மணமகனின் பெயர் தலைகீழாக இருந்தது. மஞ்சள் மட்டும் தனியாக ஓடிய இடத்தில் முருகனுக்கு மஞ்சள் காமாலை. நீலமும் மஞ்சளும் சேர்ந்த ஓரத்தில்தான் மயில் பச்சையானது. அந்த ஓரத்தைத் தாத்தாவின் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பச்சை என்று ஒரு மையே இல்லை, நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும்தான் என்று புரிந்தது. சென்னைக்கு வந்து ஓவியக் கல்லூரி நூலகத்தில் ராபர்ட் ரவுஷன்பர்க்கின் படங்களைப் பார்த்தேன். செய்தித்தாள் படம், கென்னடி, விண்வெளி வீரர், பறவை என்று எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி 1960களின் தொடக்கத்தில் செய்தவை. 1964இல் வெனிஸில் அவருக்குப் பெரிய பரிசு கொடுத்திருக்கிறார்கள். கூடப் படித்தவர்கள் வாய் பிளந்தார்கள். எனக்கு ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவு நினைவுக்கு வந்தது.

அந்தத் தாள்களில் அடிக்கடி வந்த முருகனும் லட்சுமியும் யார் பரம்பரை என்று பிறகு தெரிந்துகொண்டேன். சி. கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதப் போய், கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். சீடர்களோடு சேர்ந்து அவர் வரைந்த சாமிகள் சிவகாசியில் காலண்டராகி நாடு முழுக்கப் போயின. அவருடைய சாமிக்குப் பின்னால் எப்போதும் ஒரு மலை, ஓர் அருவி, வளைந்து போகிற ஓர் ஆறு. அது கரிசல் காட்டில் எங்கேயும் இல்லாத ஆறு. நாடகத் திரையிலிருந்து ஓடி வந்த ஆறு என்பது என் எண்ணம். முன்னால் நிற்கிற தெய்வத்தின் உதட்டில் ராஜபார்ட் நடிகரின் சிரிப்பு. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போதெல்லாம் இந்த ஊரிலிருந்துதான் இந்தியாவின் பாதிப் பூஜை அறைக்கு முகம் போயிற்று என்று நினைத்துக்கொள்வேன். பக்கத்து சீட்காரருக்குச் சொன்னால் கடலை மிட்டாய் வாங்க இறங்கவா என்று கேட்பார்.

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். இன்றும் வெளியிடுகிறார்கள். ஏஜெண்டு மாமா ஒருவர் அந்தத் தடித்த ஆல்பத்தோடு கடை கடையாக ஏறுவார். நாங்கள் பின்னாலேயே போவோம். கடைக்காரர்கள் ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்க எடுத்துக்கொள்ளும் நேரம் இருக்கிறதே! நகைக்கடைக்காரருக்கு லட்சுமியின் கையிலிருந்து காசு கொட்ட வேண்டும், தண்ணீர் கூடாது. ஹோட்டல்காரருக்கு அன்னபூரணி. லாரி செட்டுக்குக் கருப்பசாமி. ஆண்டு முழுக்க ஆயிரம் வீட்டுச் சுவரில் தொங்கப் போகிறது என்ற பொறுப்போடு படம் பார்த்தார்கள். இன்று எனக்கு வருகிற ஒப்புதல் செய்தி கட்டைவிரல் பொம்மையாக வருகிறது.

90களில் டி.டி.பி. சென்டர் வந்தது. பேஜ்மேக்கர் வந்தது, கோரல்டிரா வந்தது, எழுத்துரு என்ற பெயரில் முப்பது நாற்பது தமிழ் முகங்கள் ஒரே குறுந்தகட்டில் வந்தன. 2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. இந்த வரலாறு எல்லோருக்கும் தெரிந்ததுதான், இழுக்க வேண்டியதில்லை. கணினியின் மீது எனக்குக் கோபமும் இல்லை, அது எனக்குச் சோறு போடுகிறது. இன்றைய தமிழ் எழுத்துருக்களில் சில அருமையானவை. பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரன், தாரிக் அஸீஸின் பவனம் போன்றவற்றில் கொக்கிக்கும் காலுக்கும் எடுத்துக்கொண்ட சிரத்தையை அண்ணாச்சி பார்த்தால் தலையசைப்பார். ஆனால் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரு 'அ' ஒரே 'அ'தான். அது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் ஏங்குவது பழைய படங்களுக்காக அல்ல. அவையெல்லாம் இப்போது ஸ்கேன் ஆகிக் கொட்டிக் கிடக்கின்றன. தீப்பெட்டி லேபிள்கூட ஏலத்துக்கு வருகிறது. போய்விட்டது, ஒருவர் நம் கண் முன்னால் ஒரு சிக்கலில் மாட்டி வெளியே வருவதைப் பார்க்கும் வாய்ப்பு. திரையில் நான் பார்ப்பவை எல்லாம் முடிந்த வேலைகள். எங்கேயோ, யாரோ, வேறு ஏதோ மொழியின் எழுத்துக்கு, வேறு ஏதோ சுவருக்குக் கண்டுபிடித்த விடைகள். ஒரு கருப்பட்டிப் பொட்டலத்துக்கு மூட் போர்டு தயாரிக்கச் சொன்னேன். பழகுநர் பிள்ளை ஒரே மணி நேரத்தில் அறுபது படம் அடுக்கிவிட்டாள். டென்மார்க் சாக்லேட், ஜப்பான் தேயிலை, போர்ச்சுகல் மத்தி மீன் டப்பா. ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். 'கருப்பட்டி' என்ற சொல்லில் 'ரு'வின் வாலும் 'ட்'டின் புள்ளியும் என்ன செய்யும் என்பதற்கு அந்த அறுபதில் ஒன்றும் பதில் சொல்லவில்லை. கடைசியில் அவளைச் சாலிகிராமத்துப் பழைய சந்து ஒன்றுக்கு அழைத்துப்போய், சுவரில் மங்கிக் கிடந்த ஒரு பாத்திரக்கடை விளம்பரத்துக்கு முன்னால் நிறுத்தினேன். அவள் போட்டோ எடுத்துக்கொண்டாள். நூலைப் பிடித்துக்கொண்டு நிற்க அங்கே யாரும் இல்லை.

வாடிக்கையாளர்களுக்கு இப்போது 'ரெட்ரோ' வேண்டும். அதாவது பழசு மாதிரி தெரிய வேண்டும், பழசாக இருக்கக் கூடாது. அதற்காக நான் திரையில் சிவப்பு அடுக்கை மட்டும் பிடித்து இம்மியளவு வலப்பக்கம் நகர்த்துகிறேன். நிறம் விலகி, ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு தெரியும். "ஆ, இதான் சார் ஃபீல்!" என்கிறார்கள். எந்த விலகலுக்காகச் சிவகாசியில் மெஷின்காரர்கள் முதலாளியிடம் வசவு வாங்கினார்களோ, அதே விலகலுக்கு நான் பில் போடுகிறேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சந்து இருந்த இடத்தில் ஃப்ளெக்ஸ் கடை. நடத்துவது அண்ணாச்சியின் மகன். நல்ல உழைப்பாளி, அவனுக்கும் போர்டு எழுத வரும், ஆனால் எழுதச் சொல்லி யாரும் வருவதில்லை. அண்ணாச்சி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். கை நடுங்குகிறது, கண் நன்றாக இருக்கிறது. உள்ளே ஓடிக்கொண்டிருந்த கல்யாண பேனரைக் காட்டி, "மாப்பிள்ளை பேரு பொண்ணு காதுல போய் இடிக்கி, பாத்தியா" என்றார்.

மகன் என்னிடம் ஒரு வேண்டுகோள் வைத்தான். "அண்ணே, அப்பா எழுத்த ஒரு ஃபாண்டாப் பண்ணிக் குடுங்கண்ணே. நம்ம கடைக்குன்னு வச்சுக்கிடுதேன்."

அன்று மாலை ஊரைச் சுற்றி, மிச்சமிருந்த போர்டுகளில் அவர் எழுதிய 'அ'க்களை எல்லாம் போனில் பிடித்தேன். அரிசி மண்டி 'அ'வுக்கு வயிறு பெருத்திருந்தது. அம்மன் கோயில் உபயப் பலகையின் 'அ'வில் வால் நுனி பூவாக முடிந்தது. அச்சகத்து 'அ' கட்டைவிரல் அகலத்தில் ஒடுங்கி நின்றது; அந்தத் தகரமே சின்னது. ஒன்றோடு ஒன்று சேரவே இல்லை. எழுத்துருவுக்கு ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். மாற்று வடிவங்களாக இரண்டு மூன்றைச் சேர்க்கலாம், அவ்வளவுதான். படங்களை அண்ணாச்சியிடம் காட்டி, இதில் உங்கள் 'அ' எது என்று கேட்டேன்.

போனை வாங்கி, தூரமாகப் பிடித்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

"இது எங்கூட நின்ன பையன் எழுதினது. இது நாந்தான், ஆனா தகரம் வளைஞ்சிருந்தது, அதுக்கு எழுதினது. இது கடைக்காரன் சொன்னபடி எழுதினது." இன்னும் தள்ளினார். "நல்ல 'அ' ஒண்ணு பழைய ஜவுளிக்கடையில இருந்துச்சு. வெள்ளையடிச்சிட்டான்."

மகன் குறுக்கிட்டான். "அண்ணே, எதையாவது எடுத்து வேலையை ஆரம்பிங்க. அரிசி மண்டிப் போர்டை வர்ற வெள்ளிக்கிழமை இறக்குறாங்க, எல்.இ.டி. ஆர்டர் நம்மட்டதான் குடுத்திருக்காங்க. இந்த போன் போட்டோ பத்தாதுல்ல? ஏணி நான் தாரேன், நாளைக்குக் காலைல நேரா ஏறி எடுத்திருங்க."